‘ஆம்பிளைக் குரல்’ என்று ஒரு பிள்ளையைச் சொல்லாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஒரு பிளேன்டியோடு இருந்து வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பிள்ளைகளுக்குக் குழுப் பாடல் பழக்கிக்கொண்டிருந்தோம். அதில் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தாளம் பிசகாது, வரிகளை ஒருதரம் கேட்டால் போதும். ஆனால் பாட்டு மேலே போகும் இடத்தில் அவளுடைய குரல் உடைந்துவிடும். கீழே வரும் இடத்தில் அவளுடைய குரல் மட்டும் தடிப்பாகத் தனியே கேட்கும். பழக்கிய நாங்கள் என்ன செய்தோம்? அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினோம். “மகள், உங்களுக்கு ஆம்பிளைக் குரல். நீங்க வாயை மட்டும் அசையுங்க” என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் பழக வரவில்லை. அதன் பிறகு வகுப்பில் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாலும் எழும்பி நிற்பாள், சத்தம் வராது.

‘ஆம்பிளைக் குரல்’ என்ற சொல் எங்கள் வாயில் எப்படி வந்தது? யாரும் எங்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பெண் குரல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் காதுக்குள் எப்போதோ வந்து குடியிருந்திருக்கிறது. அது எப்போது வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

கண்டக்குழியில் எங்கள் தலைமுறைக்குப் பெண் குரல் என்றால் முதலில் ரேடியோதான். கரண்ட் வராத காலம். பற்றரி போட்ட ரேடியோவை வாடியின் வாசலில் தொங்கவிட்டு வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். பாடுகிறவரின் முகம் யாருக்கும் தெரியாது. படம் பார்க்கவேண்டுமென்றால் புத்தளம் போகவேண்டும், அதற்கும் வீட்டில் அனுமதி வேண்டும். ஆகவே குரலை வைத்தே ஆளைப் பிரித்தோம். இது சுசீலா, இது ஜானகி, இது ஈஸ்வரி என்று முதல் வரி முடிவதற்குள் சொல்லிவிடும் உம்மாமார் இந்த ஊரில் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதில் பிழை விடமாட்டார்கள்.

அந்த ரேடியோவின் கதையும் பெரியது. கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆனது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறத்தாழ இல்லாமல் போனது. இந்தியாக்காரர்கள் தங்கள் நாட்டுப் பாட்டைக் கேட்க எங்கள் கொழும்பு நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் ‘விவித பாரதி’ தொடங்கும் வரைக்கும் இதுதான் நிலைமை. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டின் தென்கரை மக்களுக்கு இலங்கை வானொலி சொந்த வீட்டு ரேடியோ மாதிரியே இருந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, நம்மவர் பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் அங்கேயும் வீட்டுப் பெயர்கள்.

ஆக, எந்தப் பெண் குரல் இனிமை, எந்தக் குரல் ‘ஒரு மாதிரி’ என்று இரண்டு நாட்டுத் தமிழர்களின் காதும் பழகியதில் கொழும்பு நிலையத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ரேடியோவுக்கும் முன்னால் வேறொரு காலம் இருந்தது. அந்தக் காலத்தின் காது வேறு.

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்வோம். மைக் இல்லாத நாடக மேடை. கடைசி வரிசையில் பாயில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும். மேல் சுருதியில், கணீரென்று, அடிவயிற்றிலிருந்து வரும் குரல்தான் அங்கே நிற்கும். அவர் நாடகக் குழுவோடு இலங்கைக்கும் வந்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்ததும் கொழும்பில்தான். கிட்டப்பாவும் ஆண்கள் சாதாரணமாக எட்டாத மேல் சுருதியில் பாடியவர். அதற்காக அவரைப் ‘பெண் குரல்’ என்று ஒதுக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்கத்தான் ஊரே கூடியது.

இன்னொன்றைப் பாருங்கள். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, அதாவது ஆண் வேடத்தில், நடித்துப் பாடியவர் சுந்தராம்பாள். அதற்கு அவருக்குக் கிடைத்த சம்பளம் ஒரு இலட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் நம்பாத தொகை. 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடத்தில் பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ஒரு பெண்ணின் குரல் ஆண் பாத்திரத்தில் ஒலிப்பதை அன்றைய சனங்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். பெண் குரலுக்கு ஒரே ஓர் அச்சுத்தான் என்ற எண்ணம் அப்போது இவ்வளவு இறுகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பிறகு மைக் வந்தது. மைக்கின் முன்னால் கத்தத் தேவையில்லை. காதுக்குள் சொல்வது போலப் பாடினாலும் போதும். பின்னணிப் பாடல் முறையும் வந்ததால் நடிப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர் என்றானது. அப்போது இசையமைப்பாளருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரு புதிய வேலை வந்தது. இந்த முகத்துக்கு எந்தக் குரல் என்று பொருத்துவது.

வடக்கே நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். 1940களில் ஹிந்திப் படங்களில் கோலோச்சியவை நூர்ஜஹான், ஷம்ஷாத் பேகம் போன்றோரின் நிறைந்த, கனமான குரல்கள். 1947இல் நாடு பிரிந்தபோது நூர்ஜஹான் பாகிஸ்தான் போய்விட்டார். லதா மங்கேஷ்கர் என்ற இளம் பெண்ணை இசையமைப்பாளர் குலாம் ஹைதர் அழைத்துப்போனபோது, குரல் மிகவும் மெலிந்திருக்கிறது என்று தயாரிப்பாளர் சசாதர் முகர்ஜி மறுத்த கதை பிரசித்தமானது. 1949இல் ‘மஹல்’ வந்தது. அதன்பின் அந்த மெலிந்த, உயர்ந்த குரல்தான் கதாநாயகியின் குரல் என்றானது. ஒரு காலத்தில் குறை என்று தள்ளப்பட்டது அடுத்த காலத்தில் அளவுகோலாக மாறியது. நிறைந்த குரல்கள் மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போயின, எங்கள் பிள்ளை போனது போல.

தமிழிலும் அதே ஐம்பதுகளில்தான் வரிசை போடப்பட்டது. விஜயநகரத்தில் 1935இல் பிறந்த பி. சுசீலா ‘பெற்ற தாய்’ படத்தில் ஏ.எம். ராஜாவோடு பாடித் தமிழுக்கு வந்தார். அவருடைய குரல் அடக்கமான கதாநாயகிக்கு உரியதானது. எஸ். ஜானகி 1957இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் தொடங்கினார். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு ஈடுகொடுத்துப் பாடிய பிறகு, கடினமான பாட்டென்றால் ஜானகி என்றானது. ஜிக்கி, ஜமுனாராணி போன்றவர்கள் தமிழோடு நிற்காமல் எங்கள் நாட்டுச் சிங்களப் படங்களிலும் பாடினார்கள். எல்.ஆர். ஈஸ்வரிக்கோ, கிளப்பில் ஆடுகிறவள், வில்லனின் கூட்டாளி, துடுக்கான தோழி என்று பாத்திரங்கள் ஒதுக்கப்பட்டன.

இந்த வரிசையில் குரலின் உயரம் தாழ்வு அளக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அளக்கப்பட்டது பெண்ணின் குணம். நல்ல பெண்ணுக்கு ஒரு குரல், கெட்ட பெண்ணுக்கு ஒரு குரல். படம் முடிந்து, பாட்டு ரேடியோவுக்கு வந்து, எங்கள் வாடி வாசலுக்கும் வந்தபோது அந்தக் குணத் தீர்ப்பும் கூடவே வந்தது. ஈஸ்வரி பாட்டு வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்த வீடுகள் எங்களுக்குத் தெரியும். சுசீலா பாட்டுக்கு அந்த வீடுகளிலேயே கூட்டி வைப்பார்கள். பாட்டுக் கேட்கலாமா கூடாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம், அதற்குள் நாங்கள் போகவில்லை. நாங்கள் சொல்வது, இரண்டுமே பாட்டாக இருக்க, ஒரு குரல் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டியதானது என்பதைத்தான்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை ஈஸ்வரியே காட்டிவிட்டார். 1961இல் ‘பாசமலர்’ படத்தில் அவர் பாடிய கல்யாணப் பாட்டு இன்றும் தமிழ்க் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. பிற்காலத்தில் அவர் பாடிய அம்மன் பாடல்கள் ஆடி மாதம் பிறந்தால் கோயில் ஒலிபெருக்கிகளில் ஓயாது. சிலாபம் போகும் வழியில் நாங்களே கேட்டிருக்கிறோம். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பெண், அதே தொண்டை. கிளப், கல்யாணம், கோயில் மூன்றிலும் சனம் ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் கெட்டது எது, குரலா, குரலுக்கு ஒதுக்கிய வேடமா?

இனி, குரலை உண்மையில் எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம். எங்கள் பழைய இசை மரபில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் உண்டு. கீழ், நடு, மேல். ஒரே ஆள் பாடும் மூன்று இடங்கள் அவை. ஆளுக்கு ஆள் வித்தியாசத்தைச் சொல்ல ‘கட்டை’க் கணக்கு இருக்கிறது. ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை ‘ஸ’ என்று வைத்துப் பாடுகிறார் என்பதே கணக்கு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்கள் நாலரை முதல் ஆறு வரை. இதில் நல்ல குரல், கெட்ட குரல் என்ற பேச்சே இல்லை. உங்கள் தொண்டைக்கு எது இலேசு என்பதுதான் கேள்வி.

மேற்கத்தேய இசையில் பெண் குரலை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மேலே நிற்பது சொப்ரானோ. ஏறத்தாழ 260 முதல் 1,050 ஹேர்ட்ஸ் வரைக்கும் போகும். நடுவில் நிற்பது மெஸ்ஸோ சொப்ரானோ, சுமார் 220 முதல் 880 வரை. கீழே நிற்பது கொன்ட்ரால்டோ, சுமார் 175 முதல் 700 வரை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று நிறையவே படிந்திருப்பதைப் பாருங்கள். அதனால்தான் எவ்வளவு தூரம் மேலே எட்டுகிறாள் என்பதை மட்டும் வைத்து வகை சொல்லமாட்டார்கள். எந்த இடத்தில் மணிக்கணக்காகப் பாடினாலும் களைப்பில்லை, எந்த இடத்தில் குரல் ஒரு படி தாண்டி மாறுகிறது, குரலின் நிறம் வெளிச்சமா இருளா என்ற மூன்றையும் பார்ப்பார்கள்.

இதற்கான காரணம் தொண்டைக்குள் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது தங்கூசி உதாரணம். மெல்லிய தங்கூசியை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கீச்சென்று கேட்கும். தடித்ததைச் சுண்டினால் கீழ்ச் சத்தம் வரும். குரல் நாணும் அப்படித்தான். நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் கீழ்க் குரல். 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் ஒரு சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல் நாண் அசைவதைத் தானே பார்த்தார். இன்று வைத்தியர்கள் தொண்டையைப் பார்க்கும் முறைக்கு வழி திறந்தவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பது ஆசிரியர்களான எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் இந்த மூன்று வகையும் மைக் இல்லாத ஒபெரா மேடைக்காக உருவானவை. சினிமா, பொப் பாடகிகளுக்கு அப்படியே பொருந்தாது. மைக் இருப்பதால் கீழ்க் குரலும் வாத்தியத்துக்கு மேலே கேட்கும். பாட்டின் சுருதியைப் பாடகிக்கேற்ப ஏற்றவும் இறக்கவும் முடியும். எஸ். ஜானகி 1981இல் ‘மௌன கீதங்கள்’ படத்தில் சிறு குழந்தையின் குரலில் பாடினார். அதே ஜானகிக்கு 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது? கருத்தம்மாவுக்காகத் தேசிய விருது பெற்று, 2010இல் 37 வயதிலேயே மறைந்த ஸ்வர்ணலதாவின் குரலில், எங்கள் காதுக்கு, மேலே போனாலும் ஓர் இருட்டு நிறம் கூடவே போகும். அமெரிக்காவின் கேரன் கார்ப்பென்டர் தன் கீழ்க் குரலாலேயே எழுபதுகளில் உலகப் புகழ் பெற்றார். வகைப் பெயர் பாதையைக் காட்டும் கல் மாதிரி, அவ்வளவுதான்.

கீழ்க் குரலுக்கு எங்கள் உம்மத்திலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. எகிப்தின் உம்மு குல்தூம். நைல் கழிமுகத்து ஏழைக் கிராமத்து இமாம் ஒருவரின் மகள். பெண் பிள்ளை சபையில் பாடுவதை ஊர் பேசும் என்று வாப்பா அவருக்கு ஆண் பிள்ளையின் உடுப்பைப் போட்டுக் கூட்டிப்போனார். சிறுவயதில் குர்ஆன் ஓதிப் பழகியதால் ஒவ்வொரு அரபு எழுத்தும் அவர் வாயில் தெளிவாக விழும். அவருடைய குரலைக் கொன்ட்ரால்டோ என்றே இசை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் அவருடைய கச்சேரி கெய்ரோ வானொலியில் வரும்போது அரபு நாடுகளின் தெருக்கள் வெறிச்சோடும். 1975 பெப்ரவரியில் அவர் மௌத்தானபோது கெய்ரோத் தெருக்களில் இலட்சக்கணக்கில் சனம் திரண்டது. அந்தக் குரலை அரபு உலகம் ‘ஆம்பிளைக் குரல்’ என்று பின்வரிசைக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் புத்தளம் மாவட்டத்துச் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். சிரட்டை, போத்தல், கரண்டி வைத்துத் தாளம் போட்டு அவர்கள் பாடும் மாஞ்சாவைக் கேட்டுப்பாருங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் பாட்டு. நாங்கள் கேட்ட அளவில் அந்தப் பெண்கள் தாங்கள் பேசும் குரலிலேயே பாடுகிறார்கள். மெலிதாக்கிக் காட்ட யாரும் முயல்வதில்லை.

பெண் பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது முதன்முதலில் 1968ஆம் வருடப் படங்களுக்காகக் கொடுக்கப்பட்டது. பெற்றவர் பி. சுசீலா, ‘உயர்ந்த மனிதன்’ படத்துக்காக. அடுத்த வருடம் பெற்றவர் யார் தெரியுமா? கே.பி. சுந்தராம்பாள், ‘துணைவன்’ படத்துக்காக. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஒன்று மைக்குக்காகப் பிறந்தது போன்ற குரல், மற்றது மைக் இல்லாத மேடையில் வளர்ந்த குரல். இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! இரண்டையும் பெண் குரல் என்றே ஏற்றுக்கொண்டு அடுத்தடுத்து ஒரே விருதைக் கொடுத்தார்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விடயங்கள்:

1. ஆண் பிள்ளைக்கு மட்டும் குரல் உடைவதில்லை. பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள் பெண் பிள்ளையின் குரலும் இறங்குகிறது. ஆணுக்கு ஒரு ஸ்தாயி அளவு இறங்கினால் பெண்ணுக்கு ஏறத்தாழ மூன்று சுரம். அந்தக் காலத்தில் காற்றுக் கலந்து கேட்கும், இடையில் உடையும். அது நோயும் இல்லை, குறையும் இல்லை.

2. அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கும் நிரந்தரமாக ஒரு வகைப் பெயர் வைக்காதீர்கள். குரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

3. கரோக்கே ட்ராக்கின் சுருதி அதை முதலில் பாடியவரின் தொண்டைக்கு உரியது. எங்கள் பிள்ளையின் தொண்டைக்கு அதை மாற்றுங்கள். இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே அதைச் செய்யலாம்.

4. எட்டாத உயரத்துக்குக் கத்த வைத்தால் குரல் நாண் வீங்கும். இரண்டு மூன்று கிழமையாகத் தொண்டை கரகரத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த வருடம் இன்னொரு பிள்ளை வந்தாள். ஏறத்தாழ அதே குரல். வழக்கம்போல ஐந்தரைக் கட்டையில் தொடங்கினோம், அதே இடத்தில் உடைந்தது. இந்த முறை பிள்ளையை அனுப்பவில்லை. சுருதிப் பெட்டியை மூன்று கட்டைக்கு இறக்கி, அவளைத் தனியாகப் பாடச் சொன்னோம். வகுப்பறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்களும் நின்று கேட்டார்கள். பிறகு குழுப் பாடலில் கீழே தொடங்கும் முதல் வரிகளை அவளுக்குக் கொடுத்து, மேலே போகும் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தோம். போட்டியில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறாள்.

முதலில் சொன்ன பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டாள். கரைப் பக்கம் கண்டால் ஸலாம் சொல்லுவாள், மெதுவாக. நாங்கள் இதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. இந்தப் பதிவு அவளுடைய கண்ணில் பட்டால், மகள், பிழை உங்களுடைய குரலில் இருக்கவில்லை. எங்களுடைய காதில் இருந்தது. அடுத்தமுறை கண்டால் நாங்களே வந்து சொல்லுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இன்றைக்கே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எதையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.